நடைபாதையில் வைத்த ரெண்டு டிவி

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ‘பொருள் விற்பனை’ பற்றிக் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



தலைவி அக்கா போன வாரம் கூப்பிட்டு, “நீ விற்பனை பத்திப் பேசு” என்று சொன்னார்கள். “அக்கா, கண்காட்சியில நட்டப்பட்டு வந்தது நாங்கதான், எங்களைப் போயி பேசச் சொல்றீங்களே” என்றேன். “அதனாலதான் சொல்றேன், லாபம் வந்தவங்க பேசினா எல்லாரும் கைதட்டிட்டுப் போயிருவாங்க” என்று சொல்லிவிட்டார்கள். நான் பத்தாவது வரைக்கும் படிச்சவள். மைக் பிடிச்சுப் பேசுவது இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தால் மன்னித்துக் கொள்ளுங்கள்.

முதலில் எங்க கதையைச் சொல்லிடுறேன். பிறகு அமெரிக்காவில் நடந்த ஒரு கதை சொல்றேன். அது கம்ப்யூட்டர் கம்பெனிக் கதை. நமக்கு என்ன சம்பந்தம் என்று நினைக்காதீங்க, கடைசியில் நம்ம ஸ்டாலுக்குத்தான் வந்து நிக்கும்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஐப்பசி மாசம், தீபாவளிக்கு முன்னால ஒரு கண்காட்சிக்குப் போனோம். கூட்டமைப்பில் இருந்து 20,000 ரூபாய் கடன் வாங்கினோம். சத்துமாவு, இட்லிப்பொடி, மோர் மிளகாய், கூழ் வத்தல், மிளகாய்ப்பொடி, எலுமிச்சை ஊறுகாய் என்று கையில் வந்தது எல்லாம் செஞ்சோம். எங்களுக்கு ஒதுக்கின ஸ்டால் உள்ளே மூணாவது வரிசை, கடைசி. மேசை போட்டு, வெள்ளைத்துணி விரிச்சு, பாக்கெட்டை அடுக்கி வச்சுட்டு அதுக்குப் பின்னால மூணு பேரும் உட்கார்ந்தோம். உட்கார்ந்தோம், உட்கார்ந்தோம், அஞ்சு நாளும் உட்கார்ந்தே இருந்தோம். மழை வேற. கூட்டம் எல்லாம் வாசல் பக்கம் பஜ்ஜிக் கடையில நிக்குது. எங்க பக்கம் வந்தவங்க விலை கேட்டுட்டு, “திரும்பி வரும்போது வாங்கிக்கிறேம்மா” என்று போனாங்க. திரும்பி வர்ற வழி வேற வழியா இருந்துச்சு.

அஞ்சு நாள் விற்பனை 6,150 ரூபாய். மிச்சத்தைத் தூக்கிட்டு வந்தோம். கார்த்திகை மழையில வத்தல் நமத்துப் போச்சு. சத்துமாவுல வண்டு விழுந்துச்சு. நல்லா இருந்ததை உள்ளூர்ல பாதி விலைக்குக் கொடுத்து 3,900 ரூபாய் எடுத்தோம். நட்டம் 9,950. பன்னெண்டு பேர் குழு, தலைக்கு 830 ரூபாய் விழுந்துச்சு. நூறு நாள் வேலைக்குப் போறவங்களுக்கு அது ரெண்டு மூணு நாள் கூலி. கூட்டத்துல ஒருத்தருக்கொருத்தர் முகம் பார்க்கல. “கண்காட்சிக்குப் போகணும்னு குதிச்சது யாரு?” என்று ஒருத்தர் கேட்டாங்க. குதிச்சது நான்தான். குழுவுக்குக் கணக்கு எழுதுறவளும் நான்தான். தவணை தவறிடக் கூடாதேன்னு என் தோட்டை அடகு வச்சுக் கட்டினேன். அதை வீட்டுக்காரர்கிட்ட சொல்லல. திருகாணி தொலைஞ்சு போச்சு, அதான் கழட்டி வச்சிருக்கேன்னு சொல்லிட்டேன். இன்னைக்கு இந்த மேடையில சொல்றதாலதான் அவருக்கே தெரியப் போகுது.

அந்த வருஷம் பொங்கலுக்கு எங்க அண்ணன் மகள் ஊருக்கு வந்திருந்தாள். கம்ப்யூட்டர் படிப்பு படிக்கிற பிள்ளை. நான் திண்ணையில உட்கார்ந்து விற்காத பாக்கெட்டைப் பிரிச்சு நல்லது கெட்டது பிரிச்சுக்கிட்டு இருந்தேன். “என்ன அத்தை இது?” என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். கேட்டுட்டு, “அத்தை, நீங்க ட்விட்டர் கதையைக் கேட்டிருக்கணும்” என்று சொல்லி எனக்கு அதை விளக்கினாள். எனக்குப் புரியாததை எல்லாம் மூணு தடவை நாலு தடவை சொல்லச் சொன்னேன். போன்ல இருந்து படிச்சுக் காட்டச் சொன்னேன். அதைத்தான் இப்ப உங்களுக்குச் சொல்றேன்.

வலைப்பதிவு என்றால் என்ன என்று முதலில் கேட்டேன். நாம டைரி எழுதினா பீரோவுக்குள்ள வைப்போம். அதையே கம்ப்யூட்டர்ல எழுதி எல்லாரும் படிக்கிற மாதிரி வச்சா அது வலைப்பதிவு, இங்கிலீஷ்ல பிளாக். சரி, ட்விட்டர் என்றால்? பள்ளிக்கூடத்து வாசல்ல கரும்பலகை இருக்கும்ல, அதுல தினம் ஒரு வரி எழுதுவாங்க. அந்த மாதிரி ஒத்தை வரி டைரி. ஆரம்பத்துல போன் மெசேஜ்லயே அனுப்ப முடிஞ்சுது. அப்போ ஒரு தடவைக்கு 140 எழுத்துதான் எழுத முடிஞ்சுது. ஏன் 140? அப்போ ஒரு மெசேஜ்ல 160 எழுத்துதான் போகும். எழுதினவர் பேருக்கு 20 எழுத்து ஒதுக்கிட்டு மீதி 140. அன்னைக்கு அதை ஆரம்பிச்சவங்க கையிலயும் நம்ம மாதிரி பட்டன் போன்தான் இருந்துச்சு. ஐபோன் கடைக்கு வந்ததே 2007 ஜூன் மாசம்தான்.

அந்தக் கம்பெனியில ஒருத்தர் இவான் வில்லியம்ஸ். அமெரிக்காவுல நெப்ராஸ்கா என்ற மாநிலம், அங்க ஒரு விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. கல்லூரிப் படிப்பைப் பாதியில விட்டவர். இவரும் மெக் ஹூரிஹான் என்ற ஒரு பெண்ணும் சேர்ந்து 1999ல ஒரு சின்ன கம்பெனி ஆரம்பிச்சாங்க. வேற ஏதோ மென்பொருள் செய்யத்தான் ஆரம்பிச்சாங்க. அதுக்கு நடுவுல, யார் வேணும்னாலும் சுலபமா டைரி எழுதலாம்னு ‘பிளாகர்’ என்று ஒண்ணு செஞ்சாங்க. செய்ய நினைச்சது ஒண்ணு, ஜனங்க பிடிச்சுக்கிட்டது இன்னொண்ணு. 2001 ஆரம்பத்துல கையில காசு தீர்ந்து, கூட இருந்தவங்க எல்லாரும் போயிட்டாங்க. இவர் ஒத்தை ஆளா வச்சு ஓட்டினார். புது சர்வர் வாங்கக் காசு இல்லைன்னு எழுதினப்போ, பிளாகர்ல எழுதிக்கிட்டு இருந்த ஜனங்களே பணம் அனுப்பினாங்களாம். சர்வர் என்றால் எல்லாருடைய எழுத்தையும் சேர்த்து வைக்கிற பெரிய கம்ப்யூட்டர், நம்ம கூட்டமைப்பு பீரோ மாதிரி. 2003 பிப்ரவரியில அதைக் கூகுள் கம்பெனி வாங்கிக்கிச்சு.

அதுக்கப்புறம் அவர் நோவா கிளாஸ் என்ற நண்பரோட ‘ஓடியோ’ என்ற கம்பெனியில சேர்ந்தார். பேச்சைப் பதிவு பண்ணி ரேடியோ மாதிரி எல்லாரும் கேட்கிற வசதி அது. 2005ல ஆப்பிள் கம்பெனி அதே வசதியைத் தன்னோட மென்பொருளிலேயே சும்மா கொடுத்துடுச்சு. நாம தெருவுல இட்லி விற்கும்போது பக்கத்துல பெரிய ஓட்டல்காரர் இட்லி இலவசம்னு போர்டு வச்சா எப்படி இருக்கும்? அப்படி ஆயிடுச்சு. சரி, வேற என்ன செய்யலாம்னு உள்ளுக்குள்ளேயே ஆளுக்கு ஒரு யோசனை சொல்லச் சொன்னாங்க. ஜாக் டோர்சி என்ற இளைஞர் சொன்ன யோசனைதான் இந்த ஒத்தை வரி. 2006 மார்ச்சுல உள்ளுக்குள்ள ஆரம்பிச்சு, ஜூலையில ஜனங்களுக்குத் திறந்து விட்டாங்க.

திறந்து விட்டதும் ஓஹோன்னு ஓடலை. இதைக் கவனிங்க. எட்டு மாசம் ஆச்சு, கொஞ்சம் பேர்தான் எழுதுறாங்க. காரணம் என்னன்னா, நான் ஒருத்தி மட்டும் எழுதினா படிக்க யாரும் இல்லை. படிக்க ஆள் இல்லைன்னா நான் எதுக்கு எழுதணும்? நம்ம ஊர்ல சீட்டு ஆரம்பிக்கிற மாதிரிதான். பத்துப் பேர் சேர்ந்தாதான் பதினொண்ணாவது ஆள் வருவார். ஒரே இடத்துல, ஒரே நேரத்துல, ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்ச கூட்டம் வேணும்.

அந்தக் கூட்டம் எங்க இருக்கு? டெக்சாஸ் மாநிலத்துத் தலைநகர் ஆஸ்டின். அங்க வருஷா வருஷம் மார்ச் மாசம் ‘சவுத் பை சவுத்வெஸ்ட்’ என்று ஒரு விழா. 1987ல பாட்டுக் கச்சேரி விழாவா ஆரம்பிச்சது. 1994ல சினிமாவும் கம்ப்யூட்டரும் சேர்ந்துச்சு. நம்ம ஊர்த் திருவிழாவுல ஒரு பக்கம் நாடகம், ஒரு பக்கம் ராட்டினம், ஒரு பக்கம் மாட்டுச் சந்தை இருக்கிற மாதிரி. அந்தக் கம்ப்யூட்டர் மாநாட்டுக்குத்தான் வலைப்பதிவு எழுதுறவங்க எல்லாரும் வருவாங்க. ட்விட்டர்ல அதுவரைக்கும் எழுதிக்கிட்டு இருந்த கொஞ்சம் பேர்லயும் பல பேர் அந்தக் கூட்டத்து ஆட்கள்தான்.

2007 மார்ச் மாசம் இவங்க அங்க போனாங்க. இப்ப சொல்லுங்க, நாமளா இருந்தா என்ன செஞ்சிருப்போம்? ஸ்டால் எடுத்து, மேசை போட்டு, வெள்ளைத்துணி விரிச்சு உட்கார்ந்திருப்போம். இவங்க ஸ்டால் எடுக்கல. மாநாட்டு மண்டபத்துல ஒரு ரூம்ல ஒரு கூட்டம் முடிஞ்சு அடுத்த ரூமுக்குப் போறவரைக்கும் ஜனங்க எங்க நிக்கிறாங்கன்னு யோசிச்சாங்க. நடைபாதையில! அங்கதான் நின்னு பேசுறாங்க, யாரையாவது தேடுறாங்க, அடுத்து எங்க போகலாம்னு கேட்கிறாங்க. விழா நடத்துறவங்ககிட்ட பேசி அந்த நடைபாதையிலேயே 60 இஞ்ச் பிளாஸ்மா டிவி ரெண்டு வச்சாங்க. அதுக்கு ஆன செலவு 11,000 டாலர். அன்னைக்குக் கணக்குல நம்ம பணம் அஞ்சு லட்சத்துக்குக் கொஞ்சம் கம்மி. டிவியை மாட்டினதும் அவங்களேதான், ஆள் வச்சு மாட்டல.

அந்த டிவியில என்ன ஓடுச்சு? “எங்க கம்பெனி நல்ல கம்பெனி, வாங்க சேருங்க” என்ற விளம்பரம் மட்டுமே ஓடியிருந்தா யாரும் நின்னு பார்த்திருக்க மாட்டாங்க. அங்க வந்திருந்த ஜனங்க அந்த நிமிஷம் எழுதின வரிகள்தான் ஓடுச்சு. எந்த ரூம்ல பேச்சு நல்லா இருக்கு, எது தூக்கம் வருது, சாயங்காலம் எங்க கூடுறோம் என்று. நடந்து போறவர் நின்னு பார்க்கிறார், தன் கூட்டாளி எழுதினது திரையில ஓடுது! உடனே தானும் எழுதணும்னு தோணும். அதுக்கும் ஒரு வழி வச்சிருந்தாங்க. போன்ல இருந்து 40404 என்ற எண்ணுக்கு ஒரே ஒரு மெசேஜ் அனுப்பினா போதும். உடனே அவர் எழுதுறதும் திரையில வரும். புது ஆளா இருந்தா, அங்கேயே இருக்கிற ஆறேழு பழைய ஆட்களோட எழுத்தும் தானா அவர் போனுக்கு வந்து சேரும். அதாவது புதுசா வந்தவரை வாசல்லயே தனியா நிக்க விடல. நம்ம குழுவுக்குப் புது உறுப்பினர் வந்தா பக்கத்துல பாய் போட்டு உட்கார வைக்கிறோம்ல, அது மாதிரி.

அதுக்கு முன்னால ஒரு நாளைக்கு 20,000 வரிதான் வந்துக்கிட்டு இருந்துச்சு. மாநாட்டு நாட்கள்ல அது 60,000 ஆச்சு. அந்த விழாவுல வலைப்பதிவுக்கான பரிசும் இவங்களுக்கே கிடைச்சது. மேடை ஏறி நன்றி சொன்னப்போகூட, 140 எழுத்துக்குள்ள நன்றி சொல்றோம்னு சொல்லி, அதோட முடிச்சுக்கிட்டாங்க. நான்தான் இன்னைக்கு இவ்வளவு நேரம் பேசுறேன்.

அக்காமார்களே, இதைக் கேட்டதும் எனக்கு எங்க மூணாவது வரிசை ஸ்டால்தான் கண்ணுல வந்துச்சு. ஆனா உடனே, “அஞ்சு லட்சம் செலவழிச்சா யாருக்குத்தான் நடக்காது?” என்று அண்ணன் மகள்கிட்ட கேட்டேன். அவள் இன்னொண்ணு சொன்னாள். அதே விழாவுல பிறகு ‘ஃபோர்ஸ்கொயர்’ என்று ஒரு சின்ன கம்பெனி வந்துச்சாம். அந்தப் பேர்ல அமெரிக்கப் பிள்ளைகள் நாலு கட்டம் போட்டுப் பந்து விளையாடுவாங்க, நம்ம பாண்டி ஆடுற மாதிரி. இவங்க மண்டபத்துக்கு வெளியில தரையில சாக்பீஸால கட்டம் போட்டு, ஒரு பந்தை வச்சுக்கிட்டு, போற வர்றவங்களை விளையாடக் கூப்பிட்டாங்க. சாக்பீஸ் என்ன விலை, பந்து என்ன விலை? அப்போ கேள்வி காசுல இல்லை. ஜனங்க எங்க நிக்கிறாங்க, நின்ன இடத்துல அவங்க கைக்கு என்ன கொடுக்கிறோம், அதுதான் கேள்வி.

இன்னும் ரெண்டு மூணு விஷயம் அந்தக் கதையில இருக்கு. ஜெயிச்சதை மட்டும் சொன்னா அது பாதிக் கதை.

ஒண்ணு, கூட்டம் வந்த பிறகு தாங்க முடியல. அடுத்த வருஷங்கள்ல எழுதுற ஜனம் பெருகப் பெருக சர்வர் அடிக்கடி நின்னு போச்சு. அப்படி நிக்கும்போதெல்லாம் ஒரு படம் வருமாம். பெரிய திமிங்கலம் ஒண்ணைச் சின்னச் சின்னக் குருவிகள் சேர்ந்து கயிறு கட்டித் தூக்குற படம். அந்தப் படத்தை வரைஞ்சது யியிங் லூ என்ற பெண். ஜனங்க அந்தப் படத்துக்கே ஒரு பேர் வச்சுட்டாங்க. கேட்டு வர்றவங்களுக்குக் கொடுக்க நம்மகிட்ட சரக்கு இருக்கான்னு பார்த்துட்டுத்தான் கூப்பிடணும்.

ரெண்டாவது, அந்த விழாவுக்குப் போன எல்லாரும் ஜெயிக்கல. 2015ல ‘மீர்கேட்’ என்று ஒரு சின்ன கம்பெனி. போன்ல இருந்தே நேரடியா வீடியோ காட்டலாம். அந்த வருஷம் விழாவுல எல்லார் வாயிலயும் அதே பேச்சு. ஆனா அது ட்விட்டர் வழியாத்தான் ஆட்களைச் சேர்த்துக்கிட்டு இருந்துச்சு. விழா தொடங்குற மார்ச் 13ஆம் தேதியே ட்விட்டர் அந்த வழியை அடைச்சிடுச்சு. ஏன்னா அதே மாதிரி வேற ஒண்ணை, ‘பெரிஸ்கோப்’ என்று, ட்விட்டரே வாங்கி வச்சிருந்துச்சு. அதே மாசம் 26ஆம் தேதி அதை வெளியிட்டாங்க. அடுத்த வருஷமே மீர்கேட்டை மூடிட்டாங்க. எட்டு வருஷத்துக்கு முன்னால நடைபாதையில நின்னு ஆள் சேர்த்த அதே ட்விட்டர்தான். ஒரே வியாபாரியை நம்பி மொத்தச் சரக்கையும் போடுறவங்க இதை ஞாபகம் வச்சுக்கணும். அவர் கதவைச் சாத்துனா நமக்கு வேற கதவு இருக்கணும்.

மூணாவதுதான் என் மனசை ரொம்பத் தொட்டது. நோவா கிளாஸ் என்று சொன்னேனே, அவர்தான் ட்விட்டர் என்ற பேரையே கண்டுபிடிச்சவர். ஆரம்பத்துல ராப்பகலா அதுக்காக உழைச்சவர். ஆனா 2006லயே அவரை வெளியே அனுப்பிட்டாங்க. அந்த ஆஸ்டின் விழா நடந்தப்போ அவர் கம்பெனியில இல்லை. ரொம்ப வருஷம் வரைக்கும் அந்தக் கம்பெனிக் கதையில அவர் பேரே பெருசா வரல. ஜாக், இவான், பிஸ் ஸ்டோன் என்று மூணு பேர் பேர்தான் எல்லாருக்கும் தெரியும். இதைக் கேட்டப்போ எனக்குச் சுருக்குன்னுச்சு. ஏன்னு கடைசியில சொல்றேன்.

சரி, இந்தக் கதையைக் கேட்டு நாங்க என்ன செஞ்சோம்?

போன சித்திரையில மறுபடி ஒரு கண்காட்சி. “இன்னொரு தடவையா?” என்று குழுவுல பாதிப்பேர் எழுந்தே போயிட்டாங்க. நான் வீடு வீடாப் போனேன். இந்த டிவிக் கதையைத்தான் சொன்னேன். ஒருத்தர், “நாம டிவி வாங்கப் போறோமா?” என்று கேட்டாங்க. இல்லைக்கா, இந்தத் தடவை கடன் வேண்டாம், தலைக்கு 500 ரூபாய், மொத்தம் 6,000, அதுக்கு மேல ஒரு பைசா கிடையாதுன்னு சொல்லித் தீர்மான நோட்டுல எழுதிக் கையெழுத்து வாங்கினேன்.

அப்புறம் பன்னெண்டு பேரும் உட்கார்ந்து ரெண்டே கேள்வி கேட்டுக்கிட்டோம். போன தடவை திரும்பி வந்து கேட்டு வாங்கினது எந்தச் சாமான்? கணக்கு நோட்டைப் பார்த்தோம். மோர் மிளகாய் மட்டும்தான் மிச்சம் இல்லாம வித்திருந்துச்சு. அப்போ ஆறு சாமான் வேண்டாம், மோர் மிளகாய் ஒண்ணே போதும். அடுத்தது, ஜனங்க எங்க நிக்கிறாங்க? சாப்பாட்டுப் பக்கம். கண்காட்சியில சாப்பாட்டு ஸ்டால் போடுற பக்கத்து ஊர்க் குழு அக்காகிட்ட போய்ப் பேசினோம். “அக்கா, நீங்க கொடுக்கிற ஒவ்வொரு தயிர்சாதத்துலயும் எங்க மோர் மிளகாய் ரெண்டு பொரிச்சு வைங்க, காசு வேண்டாம். பக்கத்துல ஒரு ஸ்டூல் போட எங்களுக்கு இடம் கொடுங்க” என்று கேட்டோம். சரின்னுட்டாங்க. எண்ணெய் எங்க செலவு. பொரிக்கிற வாசனையிலேயே ஆள் திரும்பிப் பார்த்துச்சு. தயிர்சாதம் சாப்பிட்டுக் கை கழுவ வர்ற வழியில ஸ்டூல் மேல இருபது ரூபாய் பாக்கெட். எங்க பழைய விலை அறுபது ரூபாய்ப் பெரிய பாக்கெட்தான். புது ஆள் அறுபது கொடுக்க யோசிப்பார், இருபது ரூபாய்க்கு யோசிக்க மாட்டார்.

மூணாவது நாள் மத்தியானமே சரக்கு தீர்ந்துடுச்சு. திமிங்கலப் படம் ஞாபகம் வந்துச்சு. நல்லவேளை, ஒரு நோட்டு வச்சிருந்தோம். கேட்டு வந்தவங்க பேரும் போன் நம்பரும் எழுதி வாங்கினோம், 43 பேர். ஊர்ல இருந்தவங்க ராத்திரியோட ராத்திரியா வீட்டுக்கு வச்சிருந்ததைப் பொட்டலம் போட்டு விடியக்காலை முதல் பஸ்ல கொடுத்து விட்டாங்க. அஞ்சு நாள்ல 9,400 ரூபாய். பஸ் செலவு, எண்ணெய், போட்ட முதல் எல்லாம் போக 2,600 ரூபாய் நின்னுச்சு. பெரிய லாபம் இல்லை, பழைய நட்டத்துக்கே அது காணாது. ஆனா அந்த நோட்டுல இருக்கிற 43 பேர்ல இருபது பேருக்கு மேல இப்பவும் மாசம் மாசம் போன் பண்ணிக் கேட்கிறாங்க. அதுல வந்த காசுலதான் பழைய பாக்கியை அடைச்சோம். என் தோடும் போன மாசம் காதுக்குத் திரும்பி வந்துடுச்சு. பாருங்க, திருகாணியோட இருக்கு.

இப்ப அந்த மூணாவது விஷயத்துக்கு வர்றேன். கண்காட்சி முடிஞ்சு கூட்டமைப்புக் கூட்டத்துல என்னைக் கூப்பிட்டு எல்லாரும் பாராட்டினீங்க. சால்வை போட்டீங்க. நானும் சிரிச்சுக்கிட்டே வாங்கிக்கிட்டேன். ஆனா அந்த மோர் மிளகாய் என் கைப்பக்குவம் இல்லை. எங்க குழுவுல நாங்க பெரியம்மான்னு கூப்பிடுறவங்க, கையெழுத்துப் போடத் தெரியாது, இன்னும் கைநாட்டுதான், அவங்க பக்குவம். மிளகாயைக் கீறுற ஆழம், மோர் எத்தனை நாள் புளிச்சிருக்கணும், ராத்திரி மோர்ல பகல் வெயில்ல எத்தனை நாள் மாத்தி மாத்திப் போடணும், உப்பு எப்போ நிறுத்தணும், எல்லாம் அவங்க சொன்னதுதான். அன்னைக்கு அவங்க கடைசி வரிசையில உட்கார்ந்து எனக்குக் கைதட்டினாங்க. நோவா கிளாஸ் கதையைக் கேட்ட நானே அதைச் செஞ்சேன். வீட்டுக்குப் போய் ராத்திரி தூக்கம் வரல.

பெரியம்மா, இங்கதான் இருக்கீங்க, எந்திரிச்சு நில்லுங்க. வெட்கப்படாதீங்க. எல்லாரும் இவங்களைப் பார்த்துக்கோங்க. மோர் மிளகாய் இவங்களோடது. அந்தச் சால்வையை இன்னைக்குக் கையோட கொண்டு வந்திருக்கேன், தலைவி அக்கா கையால போடணும்.

கடைசியா கூட்டமைப்புக்கு மூணு கோரிக்கை வச்சு முடிச்சுக்கிறேன். ஒண்ணு, வர்ற கண்காட்சிக்கு ரெண்டு ஸ்டால் எடுக்க 40,000 ரூபாய் கடன் போடலாம்னு பேச்சு இருக்கு. தீர்மானம் போடுறதுக்கு முன்னால நாலு பேர் அந்த மைதானத்தைப் போய்ப் பார்த்துட்டு வரணும். வாசல் எங்க, சாப்பாடு எங்க, தண்ணிக் குழாய் எங்க, பஸ் ஏற ஜனங்க எந்தப் பக்கம் போறாங்கன்னு பார்த்துட்டு, ஒரு ஸ்டால் போதுமான்னு அப்புறம் முடிவு பண்ணுவோம். ரெண்டு, எல்லாக் குழுவும் எல்லாச் சாமானும் கொண்டு வர வேண்டாம். ஒரு குழு ஒரு சாமான், அதுவும் உள்ளூர்ல கேட்டு வாங்குற சாமானா இருக்கட்டும். ட்விட்டரும் எட்டு மாசம் சின்னக் கூட்டத்துல ஓடின பிறகுதான் ஆஸ்டினுக்குப் போச்சு. மூணு, பாக்கெட் மேல கூட்டமைப்புப் பேரோட, செஞ்ச குழு பேரும் செஞ்சவங்க பேரும் சின்ன எழுத்துலயாவது அச்சடிக்கணும். அச்சுக்கூலி கொஞ்சம் கூடும். கூடட்டும்.

இதுல நான் சொன்னது தப்புன்னு நினைக்கிறவங்க அடுத்த மாதக் கூட்டத்துல எந்திரிச்சுச் சொல்லுங்க, நோட்டுல எழுதிக்குவோம்.